புதன்கிழமை ரிலீவர்

முப்பத்தொரு வருஷம் பாய்லர் ஓட்டியவன் நான். அந்த வேலையில் ஒரே சட்டம்தான். அடுத்த ஷிப்டுக்காரன் வந்து, அளவெல்லாம் பார்த்து, நோட்டில் கையெழுத்துப் போடும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது. வருகிற ஆளுக்கு ரிலீவர் என்று பேர்.

என் மனைவிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு ஏறிய ஷிப்டிலிருந்து நான் இன்னும் இறங்கவில்லை. மருந்து, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். நோட்டும் உண்டு. எவ்வளவு தண்ணீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியே வந்தது, எத்தனை தரம் இருமினாள், எல்லாம் மணிவாரியாக இருக்கும்.

போன மாதம் அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவளை உட்காரவைத்து, அவள் மடியில் நானும் உட்கார்ந்துவிட்டேன். மகள் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஆள் என் பிரஷரைப் பார்த்துவிட்டு, மகளிடம் பேசினார். இவருக்கு ஓய்வு வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் இரண்டு படுக்கை போடவேண்டும் என்றார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மகள் கறாராகச் சொல்லிவிட்டாள். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், உதவிக்கு ஓர் அம்மா வருவார். அந்த நேரம் நான் வீட்டில் இருக்கக்கூடாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் தன் அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவாள். சொன்னால் செய்கிறவள். அந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஏதோ சங்கம் சும்மாவே ஆள் அனுப்புகிறதாம். சும்மா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். புதன்கிழமை அந்த அம்மா பெரிய பையோடு வந்து நின்றபோது, பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தேன். பீரோவில் இருப்பது என் பழைய கால்சட்டைகள். அது வேறு விஷயம்.

பிறகு நோட்டைத் திறந்தேன். பக்கம் பக்கமாக விளக்கினேன். விளக்கி முடித்து, திருப்பிக் கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். கையெழுத்துக் கேட்டேன். போட்டு, பக்கத்தில் மணியும் எழுதினார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் எனக்கு எரிச்சல் கூடியது.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். எங்கே போவது? இரண்டு வருஷமாக மருந்துக்கடை தவிர எனக்கு வேறு ஊரே கிடையாது. மாடிப்படியில் உட்கார்ந்து காதைக் கதவுப் பக்கம் வைத்தேன்.

கால் மணி நேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளே கர் கர் என்று ஏதோ கேட்டது. என் மனைவிக்குப் புரையேறிவிட்டது என்று கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

புரையும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அவள் தலையை வாரிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியை மூக்கில் இறக்கி நோட்டு எழுதுவதை இவள் நல்ல கையால் நடித்துக் காட்டுகிறாள். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கிப்போயிற்று.

“வந்துட்டீங்களா?” என்றாள். அவளுக்கு இப்போது ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும். “ஏங்க, இருமினா எழுதறீங்க. தும்மினா எழுதறீங்க. எனக்கு ரெண்டு மணி நேரம் லீவு குடுங்க.”

“நோயாளிக்கு எதுக்குடி லீவு?”

“நோய்கிட்ட இருந்து இல்ல. உங்ககிட்ட இருந்து.”

அந்த அம்மா பைக்குள் தலையை விட்டு எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவர்.

இவள் நிறுத்தவில்லை. “நீங்க விழுந்துட்டா, நான் அந்த இல்லத்துல போயி யார் மொகத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்கறது? போங்க.”

போனேன். கோபத்தில் தெருமுனை வரை நடந்தேன். அங்கே முடிவெட்டும் கடை. கடைக்காரனுக்கு ரேடியோ என்று பேர். மூடத் தெரியாத வாய். என்னைப் பிடித்து உட்காரவைத்து, கழுத்தில் துணி கட்டி, மச்சானோடு நடக்கும் சுவர்த் தகராறை ஆரம்பித்தான். சுவர் பாதி எழும்பியது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

விழித்தபோது கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. எதிரே கண்ணாடியில் ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது. மற்றதில் தாடி அப்படியே. தலையைத் திருப்பினால் எழுந்துவிடுவேன் என்று பாதியில் விட்டுவிட்டானாம். அதைக் கிசுகிசுப்பாகச் சொன்னான். அவனுக்குக் கிசுகிசுக்கவும் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

மணியைப் பார்த்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் போயிருந்தது. ரிலீவர் கிளம்பியிருப்பார், இவள் தனியாகக் கிடப்பாள் என்று துணியைக் கழுத்தோடு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அந்த அம்மா கிளம்பாமல் இவள் பக்கத்திலேயே இருந்தார். மகளும் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்னப்பா இது என்றாள். தூங்கிவிட்டேன் என்றேன். எவ்வளவு நேரம் என்றாள். சொன்னேன். அவள் கண் கலங்கியது. இதில் கலங்க என்ன இருக்கிறதோ.

என் மனைவிக்குச் சிரித்தால் வாய் ஒரு பக்கம்தான் போகும். அன்றைக்கு அது போகக்கூடிய மட்டும் போனது.

“அடுத்த வாரம் போவீங்களாப்பா?” என்றாள் மகள்.

“போகாம? இன்னொரு கன்னம் அவன்கிட்ட இருக்கே.”

மகள் கைப்பையிலிருந்து இல்லத்து விண்ணப்பத்தை எடுத்து, நீங்களே கிழித்துப் போடுங்கள் என்று நீட்டினாள். வாங்கி வைத்திருக்கிறேன். கிழிப்பதற்குமுன் ஒரு தரம் முழுசாகப் படிக்கவேண்டும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ இருக்கிறது.