வெர்லீன் சொல்லாமல் விட்ட சரக்கு

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் மறைக்கத் தெரிவதில்லை. இறைச்சியில் தடவும் பொடிக்கு என்னென்ன சேர்த்தேன் என்று போனில் ஊருக்கே ஒப்பிக்கிறான்கள். மீதிப் பேர் கடையில் பொடி அடைத்த பிளாஸ்டிக் டப்பா வாங்குகிறார்கள். அதன்மேல் கறுப்புக் கண்ணாடி போட்ட பன்றி ஒன்று சிரிக்கிறது. தன்னைத் தின்னப் போகிறவனைப் பார்த்து எந்தப் பன்றி சிரிக்கும்? கிழவர் ஓடெல்லுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அமெரிக்காவின் மெம்பிஸ் ஊரில் பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பொடிக்குப் பக்குவம் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒரே ஒரு சரக்கை மட்டும் விழுங்கிவிடுவார்கள். கேட்டவனுக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டான். அவனைக் கேட்டால் அவனும் அப்படித்தானே.

ஆனால் கட்டின புருஷனிடமுமா?

அதுதான் ஓடெல்லை அரித்தது. அந்த வீட்டில் புகையடுப்பு அவருடையது, பொடி வெர்லீனுடையது. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் கலப்பாள். படுக்கையில் விழுந்தபிறகு ஒருநாள் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபின் இவரும் கலந்தார். சர்க்கரையைத் தட்டில் பரப்பிக் கட்டியில்லாமல் உலர்த்தி, எல்லாம் சொன்னபடியே. பன்றி விலாவில் அழுத்தித் தடவி, பகலெல்லாம் புகையில் போட்டு, எடுத்துக் கடித்தால் ருசியில் எங்கோ ஓட்டை. மறுபடி செய்தார். மறுபடியும் ஓட்டை. பாதிக்குமேல் இறங்காமல் குப்பையில் கொட்டினார்.

சாகப்போகிற நேரத்திலும் என்னை நம்பவில்லையா இவள்?

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும், கறியைத் தாளில் சுற்றிக்கொண்டு வெர்லீனின் தங்கை ஐடெல்லா வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள்.

“அடேயப்பா, அத்தானா! வழி தவறிட்டீங்களா? மூஞ்சி மட்டும் எப்பவும்போல கடன்காரன பாத்த மாதிரி.”

“உங்க அக்கா பொடி உனக்குத் தெரியுமில்ல? சொல்லு.”

“ஏன், உங்ககிட்ட சொல்லலையா?”

“சொன்னா. நீ மொதல்ல சொல்லு.”

“போலீஸ்கூட இப்படி விசாரிக்க மாட்டான்.” விரல் மடக்கினாள். “பாப்ரிகா, பழுப்புச் சர்க்கரை, உப்பு, மிளகு, பூண்டுத் தூள், வெங்காயத் தூள், கடுகுத் தூள், செலரி விதை, மிளகாத் தூள். தீந்துச்சு.”

அவரிடம் சொன்னதும் அதேதான். வரிசைகூட மாறவில்லை.

“எனக்கு ஒண்ண மறைச்சவ, உனக்கு வேற ஒண்ண மறைச்சிருப்பான்னு நெனச்சேன். ரெண்டையும் சேத்தா முழுசாயிடும்.”

“நல்லா இருக்கே கணக்கு! செத்தவளயும் விட மாட்டீங்களா? இங்க குடுங்க அத.”

ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். மெல்வது நின்றது. கண்ணோரம் நனைந்தது.

“அத்தான், இது அக்கா கைதான். அப்படியே.”

“பொய் சொல்லாத.”

“எனக்கென்ன வேண்டுதலா? பொடியில ஒண்ணும் குறையல. ‘இன்னிக்கும் உப்பு ஜாஸ்தி’ன்னு நீங்க திட்டறதுக்கு எதிர்ல ஆளில்ல, அதான். உக்காருங்க. பீன்ஸ் வெந்துடும், சேந்து சாப்பிடலாம்.”

ஓடெல் காலியான பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

“உன் பீன்ஸ நீயே தின்னு.”

“அந்தக் கறியயாவது வச்சுட்டுப் போங்க, கல்நெஞ்சுக்காரரே!”

அவர் திரும்பவில்லை. அக்காளும் தங்கையும் சின்ன வயதிலிருந்தே ஒருத்திக்குள் ஒருத்தி. உண்மையைச் சொல்கிறவள் எதற்காக அழ வேண்டும்? பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

சீரகமாக இருக்கலாம்.