கடைசிப் பக்கத்து ஆக்டோபஸ்

மியாகுச்சிக் கோயிலைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அந்தக் கோயிலிலிருந்து பத்து நிமிட நடையில் முப்பத்தோரு வருடம் குடியிருந்த ஷோஜோ, அதன் முத்திரையை வாங்காமலே செத்துப்போனார். ஊர் ஊராக ரயிலேறிப் போய், வரிசையில் நின்று, பூசாரி தூரிகையால் எழுதிச் சிவப்பு முத்திரை வைத்துக் கொடுத்த பக்கங்களை ஓர் ஏட்டில் சேர்த்தவர் அவர். கடைசிப் பக்கத்தை மட்டும் உள்ளூருக்கென்று ஒதுக்கியிருந்தார். "நம்ம கோயில் எங்க ஓடிடப் போகுது" என்பார். கோயில் ஓடவில்லை.

விடிந்தால் அவர் செத்து நாற்பத்தொன்பதாம் நாள். சாம்பலைக் கல்லறையில் வைக்கும்போது ஏட்டையும் நிரப்பி உடன் வைத்துவிட வேண்டும் என்பது அவர் மனைவி கினுயேயின் ஆசை. ஆனால் சாவு விழுந்த வீட்டார் ஐம்பது நாள் கழியாமல் கோயிலின் சிவப்பு வாயிலைத் தாண்டக்கூடாது. ஒரே ஒரு நாள் இடித்தது. சடங்கு செய்யும் புத்த பிக்குவுக்குச் சொல்லியாயிற்று, உறவுக்குச் சொல்லியாயிற்று. சாம்பல் வைப்பதைத் தள்ளிப்போட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. அக்கம்பக்கத்தில் யாரிடமும் கேட்டுப் பழக்கமும் இல்லை.

அன்று காலை ஷோஜோவின் தங்கை சவாகோ, கழுத்தில் முத்துமாலையும் உதட்டில் சாயமுமாக வந்து இறங்கினாள். விஷயத்தைக் கேட்டதும் ஏட்டுக்குக் கை நீட்டினாள்.

"நான் போறேன் அண்ணி. எனக்குக் கல்யாணமாகி வேற குடும்பப் பேரு வந்து நாப்பது வருஷமாச்சு. என் மேல எந்தத் தீட்டும் ஒட்டாது."

கூடப்பிறந்தவன் சாவு ஒட்டாத உடம்பு எதனால் செய்ததோ என்று கினுயே நினைத்தாள். பிறந்ததிலிருந்து எதுவும் ஒட்டாமல் வளர்ந்தவள்தானே. ஆனாலும் ஏட்டைக் கொடுத்தாள்.

வாயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, தெருத் திருப்பத்தில் ஒரு தேநீர்க் கடை. அதன் பெஞ்சில் காத்திருந்தாள். தெருவில் கூட்டம் நெரிந்தது. பூசாரித் தொப்பி போட்ட ஆக்டோபஸ் படம் பொம்மையிலும் துண்டிலும் சிரித்தது. ஊர்க்காரர்கள் ஏதோ குழுக் கூட்டி, தேநீர் குடித்து, கண்டுபிடித்த சின்னம் அது. வாடகைக் கிமோனோவில் ஒரு பெண் விரல்களை விரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். வலது மடிப்பை மேலே போட்டுக் கட்டியிருந்தாள். அப்படிக் கட்டுவது பிணத்துக்கு. ஷோஜோவுக்குக் கினுயே தன் கையாலேயே அப்படிக் கட்டிவிட்டிருந்தாள். அந்தப் பெண் பிணக்கோலத்தில் பல்லைக் காட்டினாள். அவள் சிநேகிதன் அழகு அழகு என்றான். எழுந்துபோய்ச் சொல்லலாமா என்று கினுயே யோசித்தாள். பிறகு, கிடக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

முக்கால் மணி கழித்து சவாகோ வந்தாள். கையில் ஆக்டோபஸ் அப்பளப் பொட்டலம். ஏட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டு, வெயில் ஜாஸ்தி என்றும் செருப்பு கடிக்கிறது என்றும் சொல்லிக்கொண்டிருந்தாள். கினுயே கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள்.

ஊதா மையில், தொப்பி போட்ட ஆக்டோபஸ் சிரித்தது.

"என்ன இது?"

"வரிசை அவ்ளோ நீளம் அண்ணி. ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. இதுவும் இந்தக் கோயில் முத்திரைதானே."

கோயில் ஏட்டில் சுற்றுலா முத்திரை விழுந்தால் அதற்குப் பிறகு எந்தப் பூசாரியும் அதில் தூரிகை வைக்கமாட்டார். ஒருமுறை எதிர்வீட்டுக் குழந்தை ஒரு தவளை முத்திரையைக் குத்திவிட்டதென்று ஷோஜோ வீட்டில் பேச்சை நிறுத்தி, ஏட்டையே மாற்றி, எல்லாக் கோயிலுக்கும் முதலிலிருந்து போனவர். கினுயேவுக்கு இன்னொன்றும் தெரியும்.

"இந்த முத்திரை, ஊர் பாக்க வர்றவங்களுக்கு வரைபடம் குடுக்கிற ஆபீஸ் மேசையில கட்டித் தொங்குது. அது வாசலுக்கு இந்தப் பக்கம். வரிசை அந்தப் பக்கம். நீ எந்த வரிசையப் பாத்த?"

சவாகோ பொட்டலத்தின் வாயை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"வாசல் வரைக்கும் போனேன். காலு வரல அண்ணி. வெறும் பக்கத்தோட வந்தா நீங்க என்னைப் பாக்கற பார்வை இருக்கே, அதுக்குப் பயந்துட்டேன்."

காலையிலிருந்து கினுயே அவளை இகழ்ந்ததெல்லாம் தீட்டை மதிக்காதவள் என்றுதான். ஆனால் சவாகோ வாயிலடியில் நின்று அதை மதித்திருக்கிறாள். தீட்டோடு உள்ளே போய் வா என்று ஏட்டைக் கொடுத்தனுப்பிய கினுயேதான் பெஞ்சில் உட்கார்ந்து தெருவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காக ஆக்டோபஸை மன்னிக்க முடியுமா? முடியவில்லை.

"முட்டாள்" என்றாள் கினுயே. "அப்பளத்த எடு."

தின்றார்கள். உப்பு அதிகம்.

மறுநாள் பிக்கு ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கத்தில் லேசாக இருமி, மூடிக் கொடுத்தார். கினுயே அதைச் சாம்பல் ஜாடியின் பக்கத்தில் வைத்தாள். கல்லை இழுத்து மூடினார்கள்.

"மூணு நாள் பேசமாட்டாரு" என்றாள், கல்லைப் பார்த்தபடி.

"நாலு நாள்" என்றாள் சவாகோ. "தவளைக்கே மூணு நாள்."