ரோதேயைக் கொன்ற மாவீரன்

அந்த இலையுதிர்காலத்தில் தெரீகாவின் திராட்சைத் தோட்டங்களை ஒரு காட்டுப்பன்றி உழுதுபோட்டது. எங்கள் அரசர் ஹெகேதோர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரசர் என்றதும் வேறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். மலைச்சரிவில் ஓர் ஊர், கீழே ஒரு படகுத்துறை, அவ்வளவுதான் அவர் நாடு. ஆடு ஈனும் காலத்தில் அவரே கொட்டிலில் மண்டியிட்டுக் குட்டியை இழுப்பார். ஆனால் பன்றி ஒரு மேய்ப்பனின் தொடையைக் கிழித்த பிறகு, வேட்டைத் தெய்வம் ஆர்தெமிஸ் தேவிதான் கோபத்தில் அதை அனுப்பியிருக்கிறாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. தேவி அனுப்பிய பன்றி என்றதும் அரசருக்கு உள்ளூர ஒரு பெருமை. பெரிய ராஜ்யங்களில்தானே இப்படியெல்லாம் நடக்கும்?

வளைகுடா முழுக்க ஆள் அனுப்பினார். பன்றியைக் கொல்பவனுக்கு மகள் மிர்தாலேயைக் கட்டிக்கொடுப்பதாக வாக்கும் கொடுத்தார்.

மிர்தாலேக்குப் பதினைந்து வயது. தனக்குக் கல்யாணம் என்ற செய்தியை ஊற்றடியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் கேள்விப்பட்டாள். வீட்டுக்கு வந்து குடத்தை ‘ணங்’கென்று இறக்கினாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களாப்பா?”

“இதெல்லாம் கேட்டுக்கிட்டாடி செய்வாங்க? பெரிய எடத்துல எல்லாம் இதுதான் வழக்கம்.”

அம்மா கிளைத்தோ பார்லி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள். “பெரிய எடத்துல வர்றவனுக்கெல்லாம் சாப்பாடு போடத் தானியமும் இருக்கும்.”

மாவீரர்கள் வந்தார்கள். ஏதாவது ஒரு கடவுளுக்குப் பேரனாக இல்லாத ஒருவன்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. எல்லோரிலும் முக்கியமானவன் அல்காந்திரோஸ்; வடகாற்றுக் கடவுளின் பேரன். அழகன்தான், அதை மறுக்க முடியாது. காலையில் அவன் தலைமுடிக்கு எண்ணெய் தடவிச் சீவி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். பிறகு காட்டுக்குள் யார் முன்னால் நடப்பது என்று வாக்குவாதம். அது தீரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். அந்த நேரத்தில் எந்தப் பன்றி வெளியே திரியும்? அது புதருக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். வீரர்கள் பசியோடு திரும்பி வருவார்கள். பாலாடைக்கட்டி, உலர்ந்த அத்தி, இரண்டு வருடத்துக்குச் சேர்த்துவைத்த ஆலிவ் என்று எதுவும் மிஞ்சவில்லை. எங்கள் வழக்கப்படி திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கக்கூட விடவில்லை. பன்றியாவது இருட்டிய பிறகுதான் தின்றது.

மிர்தாலே பன்றியின் தடத்தைக் கவனித்திருந்தாள். திராட்சை பிழியும் தொட்டிக்குப் பின்னால் கொட்டிக்கிடந்த புளித்த சக்கையைத் தேடி அது அடிக்கடி வந்துபோனது. அவரைத் தோட்டத்துக்கு மேலே, என்றோ ஓநாய்க்காகத் தோண்டிய பள்ளம் ஒன்று இருந்தது. அதன் மேல் கிளைகளைப் பரப்பி, கூடை கூடையாகச் சக்கையைக் கொண்டுபோய்க் கொட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் இறைச்சி வாட்டும் வெண்கலக் கம்பியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தாள். பன்றி உள்ளே கிடந்தது. ஒரு கால் முறிந்திருந்தது. புளித்த சக்கையைத் தின்று நன்றாகப் போதையேறியிருந்தது. மேலே நின்றவளைப் பார்த்து உறுமக்கூட முடியாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்தது. ஊரையே நடுங்கவைத்த விலங்கு இப்படிப் பார்க்கும் என்று மிர்தாலே எதிர்பார்க்கவில்லை. ஓடிவிடலாம் என்று தோன்றியது. யாரையாவது கூப்பிட்டால், அந்த யாரோ ஒருவன் தனக்குப் புருஷனாகிவிடுவான் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. பள்ளத்தில் இறங்கி, கம்பியைப் பன்றியின் தோளுக்குப் பின்னால் வைத்து உடம்பின் எடையெல்லாம் போட்டு அழுத்தினாள். ஒரே குத்தில் அது சாகவில்லை. முடிந்த பிறகு அவரைச் செடிகளுக்கு நடுவே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

ஊரே திரண்டு வந்து பள்ளத்தைச் சுற்றி நின்றது.

“நீயாடி கொன்ன?” அப்பாவுக்கு வாய் மூடவில்லை.

“நான்தான். வாக்குக் கொடுத்திருக்கீங்கல்ல? என்னை எனக்கே குடுத்துடுங்க.”

யாரோ சிரித்தார்கள். மாவீரர்கள் சிரிக்கவில்லை. ஒரு பெண், அதுவும் சமையல்கட்டுக் கம்பியால் கொன்ற பன்றியைப் பற்றி ஊருக்குப் போய் எப்படிச் சொல்வது? அல்காந்திரோஸ் பள்ளத்தில் இறங்கிப் பன்றியைச் செருப்புக்காலால் புரட்டினான்.

“இது குட்டி,” என்றான்.

“குட்டியா?”

“தேவி அனுப்பின பன்னின்னா காளை உசரம் நிக்கும். மூச்சு விட்டாப் புல்லு கருகும். இதுக்காகவா நான் கடல் தாண்டி வந்தேன்? பெரிசு இன்னும் காட்டுக்குள்ளதான் இருக்கு.”

ஆமாம், குட்டிதான் என்றான் ஒருவன். தாடை இன்னும் முற்றவில்லை என்றான் இன்னொருவன். ஹெகேதோர் மகளைப் பார்த்தார். பிறகு வெண்கலக் கவசம் போட்ட அத்தனை பேரையும் பார்த்தார். குட்டிதான் போலிருக்கிறது என்று அவருக்கும் பட்டுவிட்டது.

அந்தக் குட்டியை அன்றைக்கே வாட்டித் தின்றார்கள். ஊர் முழுக்கத் தின்றும் மிச்சம் இருந்தது. மிர்தாலே அதன் கொம்புப் பற்கள் இரண்டையும் கழற்றி எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதன்பின் இல்லாத பன்றிக்கான வேட்டை தொடங்கியது. பார்க்கப் பார்க்க அது வளர்ந்தது. ஒருவன் அதன் முதுகைப் பார்த்து மலைப்பாறை என்று நினைத்தானாம். இன்னொருவனுக்கு அதன் மூச்சுக்காற்றில் புருவம் பொசுங்கியதாம். தானியக் குதிர்களில் தரை தெரிய ஆரம்பித்தது. கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் கடலில் இறங்கிவிட்டால் கப்பல் எதுவும் ஓடாது; பிறகு வசந்தம்வரை இவர்கள் இங்கேதான்.

“ஏதாவது ஒண்ணைக் கொல்லாம இவங்க போக மாட்டாங்கம்மா,” என்றாள் மிர்தாலே.

கிளைத்தோ கொட்டிலைப் பார்த்தாள். அங்கே ரோதே படுத்திருந்தது. அவள் வளர்த்த பெண்பன்றி. கிழடு, செம்பட்டை நிறம், கூப்பிட்டால் வரும். பிறந்தபோதே தாயை இழந்ததால் கிளைத்தோ அதைத் துணியில் பால் நனைத்துக் கொடுத்து வளர்த்திருந்தாள்.

“ரோதேயைக் கொண்டு போ.”

“அம்மா! அவளை உன் கையால வளர்த்தியே!”

“உன்னையும்தான் இந்தக் கையால வளர்த்தேன். ரெண்டுல ஒண்ணு இந்த வீட்டை விட்டுப் போயாகணும்னா யாரைடி அனுப்ப?” என்றவள் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைக்க ஆரம்பித்தாள். ரோதேயின் முதுகில் அவளே பூசினாள். காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

காலையில் மிர்தாலே ரோதேயை ஓடைப் பள்ளத்தாக்குக்கு ஓட்டிப்போய், ஓக் கொட்டைகளைக் குவித்துவிட்டு ஓடிவந்தாள். மாவீரர்கள் அப்போதுதான் எழுந்திருந்தார்கள்.

“ஓடையில கறுப்பா, பெரிசா ஒண்ணைப் பார்த்தேன்!”

வாயில் ரொட்டியோடு எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையிலேயே பன்றி கிடைக்கும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை. கவசத்தைத் தேடினார்கள், செருப்பு வாரைக் கட்டினார்கள், அவிழ்த்து மறுபடி கட்டினார்கள். மிர்தாலே அல்காந்திரோஸிடம் போனாள். “எனக்கு ஒரு குறுக்குவழி தெரியும். முதல்ல போறவருக்குத்தான் பேரு.” வேறு வழியில்லாமல் அவன் வந்தான்.

ரோதே கொட்டைகளைத் தின்று முடித்திருந்தது. மிர்தாலேயைக் கண்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அவர்களை நோக்கி ஓடிவந்தது. அல்காந்திரோஸ் அலறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஈட்டியை எறிந்தான். கண்ணை மூடியிருந்தாலும் குறி தப்பவில்லை. ரோதே ஒருமுறை ஆச்சரியப்பட்டதுபோல் நின்றது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது.

அடிவயிறு தெரிந்தது. காம்புகள் இரண்டு வரிசையாகத் தொங்கின. ஓடைத்தண்ணீர் பட்ட இடத்தில் கரி கரைந்து செம்பட்டை வெளிவந்துகொண்டிருந்தது. அல்காந்திரோஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் காது மடல்வரை சிவந்துவிட்டது. அந்த ஒரு கணம் அவன் வடகாற்றுக்குப் பேரனாகத் தெரியவில்லை. ஊரில் தன் அம்மாவுக்கு மகனாகத் தெரிந்தான்.

“இது…”

“ரோதே. எங்கம்மா வளர்த்த பன்னி,” என்றாள் மிர்தாலே. குனிந்து அதன் காதைத் தடவியபடியே தொடர்ந்தாள். “என்னைக் கட்டிக்கிட்டீங்கன்னா உங்க ஊர்ல, உங்க அம்மா முன்னாடி, உங்க சிநேகிதங்க முன்னாடி, நான் கிழவியாகிற வரைக்கும் இந்தக் கதையச் சொல்லுவேன். கட்டிக்கலைன்னா சொல்ல மாட்டேன்.”

மடியிலிருந்து கொம்புப் பற்களை எடுத்து நீட்டினாள். “இது உங்களுக்குத் தேவைப்படும்.”

மேலே மற்றவர்களின் சத்தம் கேட்டது. அவன் பற்களை வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் சேர்ந்து ரோதேயைக் குப்புறப் புரட்டினார்கள். ஒரு பல்லை அவன் அதன் உதட்டுக்குள் செருகினான்; மற்றதை மிர்தாலேதான் செருகினாள்.

மற்ற வீரர்கள் எட்ட நின்றே பார்த்தார்கள். அவர்களில் ஒருவனாவது கண்டுபிடித்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கடல் அமைதியாக இருந்தது, எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வந்திருந்தது. “அடேயப்பா, எவ்வளவு பெரிசு!” என்று முதலில் யாரோ சொன்னதும் மற்றவர்களும் சொல்லிவிட்டார்கள்.

ஊர்ப் பொதுவிடத்தில் அல்காந்திரோஸ் கையை உயர்த்திப் பேசினான். “அரசே, வீரனுக்கு வெற்றியே போதும். பரிசு வேண்டாம். உங்க பெண் உங்க வீட்டிலேயே இருக்கட்டும்.” அவனுடைய பெருந்தன்மையைக் கண்டு ஹெகேதோர் அழுதேவிட்டார். இன்றைக்கும் வளைகுடாப் பக்கம் போனால், பெண்ணை வேண்டாம் என்று சொன்ன அந்த உத்தமனைப் பற்றிப் பாடுகிறார்கள். பாட்டில் பன்றி நெருப்புக் கக்குகிறது. மிர்தாலே கரையில் நின்று அவன் போவதைப் பார்த்துக் கண்ணீர் விடுகிறாள்.

கண்ணீர் விட்டது உண்மைதான். கப்பல்கள் மறைந்ததும் வீட்டுக்கு வந்தவள், கொட்டிலில் வைக்கோல் அள்ளிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். கிளைத்தோ வைக்கோலைக் கீழே போடவில்லை.

“உன்னைப் பார்த்து ஓடி வந்தாளா?”

“இல்லம்மா. கொட்டையைத் தின்னுட்டுத் தூங்கிட்டிருந்தா. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது.”

“நல்லது,” என்றாள் கிளைத்தோ. மிச்ச வைக்கோலையும் அள்ளி எடுத்துக்கொண்டு, “பின்னால போய்க் கதவைச் சாத்துடி, ஆடு நுழைஞ்சிடப் போகுது,” என்றாள்.