ராமையாவின் சிரிப்பு

போர்க்காலத்தில் பிரிஞ்சாங் மலையில் ஜப்பான்காரன் திறந்த விளம்பர ஆபீசில் படம் வரையும் வேலை கிடைத்தபோது, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயமே ராஜநாயகத்தைப் பொறாமையோடு பார்த்தது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருக்க, அவனுக்கு வாரம் தவறாமல் அரிசி. சயாமில் ரயில் பாதை போட அவனைப் பிடித்துக்கொண்டு போகவும் மாட்டார்கள். ஆனால் அங்கே போனவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருப்பது ஆபீசில் இருந்த அவனுக்குத்தான் தெரியும்.

அந்தப் பாதைக்கே ஆள் சேர்க்க ஒரு படம் கேட்டார்கள். தட்டு நிறையச் சோற்றோடு ஒரு தொழிலாளி சிரிக்க வேண்டும். பார்த்துப் பழகாத முகம் அவனுக்கு வரைய வராது. பக்கத்து வீட்டு ராமையாவின் சிரிப்பை வரைந்து தொலைத்தான்.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்த ராமையா ராஜநாயகத்திடம் ஓடி வந்தான். "அண்ணே, என் மூஞ்சிதான்லா! நீங்க வரைஞ்சா பொய்யா இருக்குமா? பேரு குடுத்துட்டேன்."

ராஜநாயகம் வாயைத் திறந்தான். பின்னால் ஜப்பான் அதிகாரியும் அவருடைய மொழிபெயர்ப்பாளனும் நின்றார்கள்.

"பாத்துப் போ" என்றான்.

ராமையாவை நம்பி இன்னும் பதினாறு பேர் லோரியில் ஏறினார்கள். அதிகாரி மகிழ்ந்து, அடுத்த படத்துக்கு ஐந்து முகங்கள் வேண்டும் என்றார்.

லயத்தில் இன்னும் யார் யார் சிரிக்கிறார்கள் என்று ராஜநாயகம் வீடு வீடாக நினைத்துப் பார்த்தான்.