மார்வெட்டா ஓடும்போது எரிந்த விளக்குகள்

மார்வெட்டா ஹின்டன் முதன்முதலாக லாரல் குன்றின் மேல் ஓடிய செப்டம்பர் காலையில், வெயில் நன்றாக ஏறியிருந்த நேரத்தில், அவள் கடந்துபோன வீடுகளின் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே எரிந்தன. அவள் தாண்டிப் போனதும் அணைந்தன. உச்சியைத் தொட்டுவிட்டு அவள் இறங்கி வந்தபோது மறுபடி எரிந்தன; இரண்டு வீடுகளில் கார் கொட்டகைக் கதவுகளும் கூடச் சேர்ந்து திறந்துகொண்டன. ஓஹையோ மாநிலத்து ஹோல்ட்ஸ்வில்லில் அந்த வருஷம் டயர் தொழிற்சாலை மூடப்பட்டது, முட்டை விலை ஏறியது, மேயர் மூன்றாவது கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் குன்றுக்காரர்கள் மாதக்கணக்கில் பேசியது விளக்குகளைப் பற்றித்தான். மின்சாரக் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து கம்பிகளைச் சோதித்தார்கள். எந்தப் பழுதும் இல்லை, அந்தப் பெண் ஓடினால் எரிகிறது, ஓடாவிட்டால் எரிவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு அந்தக் குன்றைவிட்டால் வேறு வழியில்லை. ஒலிம்பிக் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுப் போட்டியில் நிற்க வேண்டுமென்றால், மே மாதம் நகரத்தில் நடக்கும் மராத்தானை வரம்பு நேரத்துக்குள் அவள் முடித்தாக வேண்டும். முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த கால்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவளுக்கே தெரிந்திருந்தது. மராத்தான் பாதையோ குன்றைச் சுற்றி ஏறி இறங்கியது, ஏனென்றால் தொலைக்காட்சியில் குன்று அழகாக இருக்கும். மார்வெட்டா பிறந்து வளர்ந்த, கறுப்பர்கள் குடியிருக்கும் ஆற்றடிப் பக்கம் அந்தப் பாதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆற்றடியில் ஏற்றம் கிடையாது, நடைபாதை பெயர்ந்து கிடக்கும், தெருமுனைக்குத் தெருமுனை சிக்னலில் நிற்க வேண்டும். மூச்சுப் பிடிக்கும் ஏற்றத்தில் பழக, மருத்துவமனையில் வேலைக்குப் போகும் முன், ஆற்றடியிலிருந்து பாலத்தைக் கடந்து குன்றுக்குத்தான் போயாக வேண்டும்.

அவள் தூரம் ஓடப் பிறந்தவள் என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் பள்ளிப் பயிற்சியாளர் அவளைப் பார்த்த மாத்திரத்தில், அவள் ஓடுவதைப் பார்க்காமலேயே, இது நூறு மீட்டர் உடம்பு என்று முடிவு கட்டிவிட்டார். நாலு வருஷமும் நூறு மீட்டரில் கடைசியாக வந்தாள். ஓட்டம் முடிந்தும் அவளால் நிற்க முடியாது. மற்றவர்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, அவள் மைதானத்து வாசல் வழியாக வெளியேறி, ஊரைச் சுற்றிவிட்டு, பரிசளிப்பு முடிகிற நேரத்தில் திரும்பி வருவாள். இதைப் பார்த்தும் அந்த மனிதருக்கு ஒன்றும் தோன்றவில்லை. இந்தப் பெண்ணுக்குக் கட்டுப்பாடு போதாது என்று மட்டும் சொன்னார். தூர ஓட்டக் குழுவில் எல்லாரும் குன்றுப் பிள்ளைகள், எல்லாரும் வெள்ளைப் பிள்ளைகள். அங்கே போய் நிற்க வேண்டுமென்று அவளுக்கும் அப்போது தோன்றவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

விளக்குகளுக்கென்று ஒரு நியாயம் இருந்தது. அதை மெல்ல மெல்லத்தான் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். ஓட்டக் கழகத்துத் தோழி கிரெட்சன் பொன்னிறத் தலைமுடிக்காரி. அவள் தனியாக ஓடினால் ஒரு விளக்கும் எரியாது. இருவரும் சேர்ந்து ஓடினால் விளக்குகள் பாதி வெளிச்சத்தில் எரியும். கிரெட்சனின் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து மார்வெட்டா தனியாகத் தள்ளிக்கொண்டு ஓடியபோது எதுவுமே எரியவில்லை. எதிரே வந்த ஒரு அம்மாள் நின்று, வாரத்துக்கு எத்தனை நாள் வேலைக்கு வருவாய் என்று விசாரித்துவிட்டுப் போனாள். மருத்துவமனைச் சீருடையில் நடந்து போனாலும் எரியவில்லை. பகலில் எரியும் விளக்குக்கு யார் காசு கொடுப்பது என்று குடியிருப்போர் சங்கத்தில் கேள்வி வந்து, ஒரு போலீஸ்காரர் ஆற்றடிக்கு அவளைத் தேடி வந்தார். நல்ல மனிதர்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"நீங்க தப்பு எதுவும் பண்ணலைங்க. ஆனா லைட்டு எரியுதே, நான் என்ன பண்ண?" என்றார்.

அவளுடைய அக்கா ஜெனீவா ஆற்றடியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். ஓடி ஓடி வியர்வையில் தங்கை தலைமுடியைப் பாழாக்குகிறாள் என்பது அவளுடைய நெடுநாள் வழக்கு. இப்போது இன்னொன்றும் கிடைத்தது. "நம்ம தெருவுல லைட்டு எரிஞ்சு ஆறு வருஷமாச்சு. முனிசிபாலிட்டிக்கு மனு போட்டுப் போட்டு என் கையே தேஞ்சுபோச்சு. அடியே, அந்தக் குன்றுல போய் எரிய விடுறியே, ஒரு தடவை இங்கயும்தான் ஓடிக் காட்டேன்" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டாள். மார்வெட்டா சிரித்துக்கொண்டே ஒரு சாயங்காலம் ஆற்றடித் தெருவில் மேலும் கீழுமாக ஓடிக் காட்டினாள். தேவாலயச் சபைக்காரர்கள் மீன் வறுத்துக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். ஒரு விளக்கும் கண் திறக்கவில்லை.

வழி கண்டுபிடித்தது கிரெட்சன். போன வருஷம் வெளியூரில் நடந்த ஒரு பந்தயத்தில் மார்வெட்டா அணிந்த நம்பர் தாளை, அதில் இருநூற்றுப் பதினாலு என்று கொட்டை எழுத்தில் இருந்தது, மறுபடி பனியன் மேல் குத்திக்கொண்டு ஓடச் சொன்னாள். விளக்குகள் எரியவில்லை. செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர்கள் கைகூடத் தட்டினார்கள். அன்றைக்கு மார்வெட்டா வீட்டுக்கு வந்து தாளைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தாள். அவள் எந்தப் பந்தயத்திலும் ஓடவில்லை, அன்று ஊரில் பந்தயமே இல்லை, வெறும் செவ்வாய்க்கிழமை. ஆனாலும் அந்தத் தாள் நெஞ்சில் இருக்கிறவரை அவள் எங்கே போகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பல் தேய்ப்பது போல அதுவும் வழக்கமாகிவிட்டது. எழுந்ததும் தாளைக் குத்திக்கொள்வாள், பாலத்தைக் கடப்பாள்.

ஜனவரியில் ஒரு காலை, பனியும் தூறலும் கலந்து பெய்தது. ஏற்றத்தின் பாதியில் தாள் நனைந்து கிழிந்து எங்கோ விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. முதலில் ஒரு விளக்கு எரிந்தது, பிறகு வரிசையாக எல்லாம். உச்சிக்கு முந்தின வீடு ராய்ஸ் பெம்பர்ட்டன் என்பவருடையது. காப்பீட்டுக் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர், ரோஜாச் செடிகளுக்குக் குளிர்காலத்தில் சாக்குப் போர்த்தி வைப்பவர், யாரோடும் சண்டை இல்லாதவர். விளக்கு எரிந்ததைப் பார்த்து இரவு அங்கியோடு வெளியே வந்தார். கையில் துப்பாக்கி இருந்தது.

"ஏய், நில்லு. கையத் தூக்கு" என்றார்.

நின்றாள். ஓடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டம் தடைப்பட்டு நின்றவுடன் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போய்க் கடிகாரத்தை நிறுத்திவிடும். சிக்னலிலும் அப்படித்தான், ரயில்வே கேட்டிலும் அப்படித்தான், யோசித்துச் செய்வதில்லை. மார்வெட்டாவின் கை போயிற்று. அவள் எதையோ எடுக்கிறாள் என்று பெம்பர்ட்டன் அலறினார். துப்பாக்கி அவள் நெஞ்சுக்கு நேராக வந்தது. அவருடைய கை நடுங்குவதை அவள் பார்த்தாள். அந்த நடுக்கம்தான் தன்னைக் கொல்லப்போகிறது என்று நினைத்தாள். பாதி வழியில் நின்ற தன் கையை மேலே கொண்டுபோவதா, அப்படியே வைத்திருப்பதா என்று தெரியாமல் உடம்பு கல்லாகிவிட்டது. அப்போது கழுத்துக்குக் கீழே இஸ்திரிப் பெட்டி பட்டது போல் சுரீரென்றது. பனியனின் கழுத்து வளைவுக்கு மேலே, அவளுடைய தோலில், வெள்ளையாக இருநூற்றுப் பதினாலு என்ற நம்பர் எழும்பி வந்தது.

பெம்பர்ட்டன் அதைப் படித்தார். முகம் மலர்ந்தது. "அடடா, நீங்க பந்தயத்துக்கு ஓடுறவங்களா? முதல்லயே சொல்லக்கூடாதாம்மா? நல்லா ஓடுங்க, நல்லா ஓடுங்க" என்று துப்பாக்கி பிடித்த கையாலேயே டாட்டா காட்டினார். விளக்குகள் அணைந்தன. மார்வெட்டா ஓடினாள். மூலை திரும்பினதும் யாரோ ஒருவரின் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். உயிர் பிழைத்த சந்தோஷம் ஒரு துளிகூட வரவில்லை. ஒரு நம்பரால் பிழைத்தோம் என்ற அதிர்ச்சிதான் வந்தது. அது அவளைவிட்டு அப்புறம் போகவேயில்லை.

தோல் மருத்துவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, ஆரோக்கியமான தோல், நம்பர் இருக்கிறது, அவ்வளவுதான் என்றார். போதகர் அதன்மேல் கைவைத்து ஜெபித்தார். நன்றி சொல்வதா, நீக்கச் சொல்லிக் கேட்பதா என்று தெரியாமல் இரண்டையும் சொன்னார். அந்தக் குளிர்காலம் முழுக்க மார்வெட்டா கழுத்துத் திறந்த பனியனில்தான் ஓடினாள். காது அறுந்து விழும் குளிரில் கிரெட்சன் கழுத்துவரை மூடிக்கொண்டு பக்கத்தில் வர, இவள் நெஞ்சைத் திறந்து போட்டுக்கொண்டு ஓடினாள். மூடினால் விளக்கு எரியும். இரண்டு முறை சளி கட்டிப் படுத்தாள். வேலை செய்யும் மருத்துவமனையிலேயே நோயாளியாக மூச்சுப் பயிற்சி எடுத்தாள். மராத்தான் நடத்துகிறவர்கள் வீண் குழப்பம் வேண்டாமென்று அவளுக்கு அதே நம்பரையே கொடுத்துவிட்டார்கள்.

மே மாதப் பந்தயத்தன்று குன்று திருவிழாக் கோலத்தில் இருந்தது. மார்வெட்டா நினைத்ததைவிட நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தாள். வரம்பு நேரத்தைவிடக் கொஞ்சம் முந்தியிருந்தாள், கொஞ்சம்தான். ஏற்றத்தில் மற்றவர்கள் சுருண்டபோது அவள் சுருளவில்லை. உச்சிக்கு முந்தின வீட்டு வாசலில் மேசை போட்டு, ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கி வைத்து, மாட்டு மணியை ஆட்டிக்கொண்டு பெம்பர்ட்டன் நின்றார்.

"வாங்க வாங்க, இருநூத்திப் பதினாலு! அபாரம்மா, அபாரம்!" என்று சுளையை நீட்டினார்.

அவள் நின்றாள். எதிர்ப்பக்கம் நின்று நேரம் சொல்லிக்கொண்டிருந்த கிரெட்சன் நிற்காதே நிற்காதே என்று கத்தினாள். பின்னால் வந்த இரண்டு பேர் தாண்டிப் போனார்கள். இந்த முறை அவளுடைய கை கடிகாரத்துக்குப் போகவில்லை.

"என்னை ஞாபகம் இருக்கா சார்?"

"உங்களைப் பாத்ததே இல்லையேம்மா" என்றார், சிரிப்பு மாறாமல். பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

"ஜனவரில இதே இடத்துல என் நெஞ்சுக்கு நேரா துப்பாக்கி நீட்டினீங்க. அது நான்தான். என் பேரு மார்வெட்டா ஹின்டன். கால் ஆறினதும் மறுபடி இந்த வழியாத்தான் ஓடுவேன்."

மணி நின்றது. சுளையை வாங்காமல் அவள் ஓடினாள். இறக்கத்தில் வெறிபிடித்தவள் மாதிரி ஓடினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முடிவுக்கோட்டை அவள் தொட்டபோது ஒருவர் தும்மி முடிக்கிற அளவு நேரம்தான் மிச்சமிருந்தது. தலைமுடி பாழானதைப் பற்றி ஜெனீவா அன்று ஒரு வார்த்தை பேசவில்லை, கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில் தங்கை ஓடக் கிளம்பியபோது அக்கா வாசலை மறித்தாள். அந்த நம்பர் உயிரைக் காப்பாற்றியதே, அதை மூடிக்கொண்டு போகிறாயே, பிணமாகத் திரும்பி வந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டாள்.

"பயமாத்தான் இருக்குக்கா. ஆனா அந்த ஆளுகிட்ட என் பேரைச் சொல்லிட்டேன். இனிமே நம்பரைக் காட்டிட்டு என்னால போக முடியாது" என்று மட்டும் சொல்லி, அக்காவின் கையை மெதுவாக விலக்கிவிட்டுப் போனாள்.

குன்றில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது. பெம்பர்ட்டன் வாசலில் ஏணி போட்டு அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பல நாட்களாகத் தூங்காதவர் போலிருந்தார். கையில் துப்பாக்கி இல்லை, விளக்கிலிருந்து கழற்றிய பல்பு இருந்தது. அவள் நெருங்கியதும், பல்பு இல்லாத அந்த வெறும் குழியில் பளிச்சென்று வெளிச்சம் வந்தது. அவர் கையிலிருந்த பல்பைப் பார்த்தார், மேலே பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று.

"மிஸ் ஹின்டன், நான் கழட்டிட்டேங்க. சத்தியமா நான் கழட்டிட்டேன்" என்றார்.

"பாத்தேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் உச்சியை நோக்கி ஓடினாள்.

அந்த வாரம் அவர் ஆள் வைத்துக் கம்பியை அறுத்தார். அடுத்த மாதம் விளக்கையே பெயர்த்து எறிந்து, ஓட்டையைச் சுண்ணாம்பால் பூசினார். தேர்வுப் போட்டியில் மார்வெட்டா நடுவாக்கில் வந்தாள், ஒலிம்பிக்குக்கு மூன்று பேர்தான் போனார்கள். தொலைக்காட்சியில் அவளைப் பார்த்த ஆற்றடிப் பெண்கள் ஒருத்தி, இருவர், அப்புறம் ஒரு கூட்டமாக அவளோடு பாலத்தைக் கடந்தார்கள். யாரும் நம்பர் குத்திக்கொள்ளவில்லை. அவர்கள் ஏறும்போது காலை வெயிலில் குன்று முழுக்கக் கிறிஸ்துமஸ் போலிருக்கும். சங்கத்தில் இப்போது அதைப் பற்றி யாரும் புகார் செய்வதில்லை, கட்டணத்தைப் பொதுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பெம்பர்ட்டன் தினமும் காலையில் வெறுங்கையோடு வெளியே வந்து, ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி வணங்குகிறார். அவருடைய தலைக்கு மேலே, விளக்கும் கம்பியும் இல்லாத சுவரில், அவர்கள் எல்லாரும் கடந்து போகிறவரை வெளிச்சம் எரிகிறது.