லின்னெட் திரும்ப எடுத்துக்கொண்ட வரிவிலக்கு

எங்கள் கடலோர ஊரான பாரோவில் பாதிப் பேர் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார்கள், மீதிப் பேர் அவர்களைக் கல்யாணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நெவில் டைசன் பள்ளிக்கூடம் முடித்த கையோடு பட்டறைக்குப் போய் வெல்டர் ஆனவன். அவன் மனைவி லின்னெட் ஒரு தொடக்கப் பள்ளிச் சமையலறையில் மதியம் மட்டும் வேலை பார்த்தாள்.

ஒரு நாள் நெவில் பட்டறை கேன்டீனில் எதையோ கேள்விப்பட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வீட்டுச் சமையலறைக்குள் வந்தான்.

"லின், உன் சம்பளம் வரி கட்டுற அளவுக்குக்கூட இல்லையாம், தெரியுமா?"

"அதைச் சொல்லவா இவ்வளவு வேகமா சைக்கிள் மிதிச்சு வந்தே?"

"முழுசாக் கேளும்மா. வரியில்லாமச் சம்பாதிக்கலாம்னு ஆளுக்கு ஒரு வரம்பு இருக்கில்ல? உன்னோடது நிரம்பவே இல்ல. அதுலேருந்து ஒரு துண்டை என் பேருக்கு மாத்தலாமாம். எனக்கு வரி குறையும். கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்தான்."

"அப்போ உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு ஏதோ ஒரு பிரயோஜனம் இருக்கு. சரி, எடுத்துக்கோ."

கொடுப்பவர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் லின்னெட்தான் கணினி முன்னால் உட்கார்ந்தாள். நெவில் பின்னால் நின்று படித்துச் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒருமுறை கொடுத்துவிட்டால், நிறுத்தச் சொல்லும்வரை அந்தத் துண்டு வருடாவருடம் தானாகவே போய்க்கொண்டிருக்கும் என்று ஒரு வரி அங்கே இருந்தது. இருவருமே அதை வேகமாகக் கடந்துவிட்டார்கள். விட்டுப்போன பழைய வருடங்களுக்கும் சேர்த்து நெவிலுக்குப் பணம் வந்தது. அதில் அவன் ஒரு நல்ல தூண்டில் வாங்கினான். லின்னெட்டுக்கு மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான்.

அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. சனிக்கிழமைகளில் கிளப்பில் பீர் உள்ளே போனதும் அவன் ஆரம்பித்துவிடுவான். "என் பொண்டாட்டி உபயோகமில்லாமக் கிடந்ததை எனக்கு எழுதிக் குடுத்துட்டா, மாப்ளே! எனக்காவது உதவட்டும்னு!" மேசையே சிரிக்கும். லின்னெட்டும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்கு நடந்து திரும்பும்போது மட்டும் அவனைவிட நாலடி முன்னால் போய்விடுவாள். நெவில் அதைக் கவனித்ததில்லை.

சில வருடங்களில் பள்ளிச் சமையலறையை மூடினார்கள். சாப்பாடு வெளியிலிருந்து வேனில் வர ஆரம்பித்தது. லின்னெட்டுக்கு அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கொஞ்ச நாள் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

"நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கப் போறேன்."

நெவிலுக்குப் புரை ஏறியது. "யாருக்கு?"

"காசு குடுக்கறவங்களுக்கு."

"ஊர்ல ஏற்கெனவே எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா? அதுவுமில்லாம, நீயா?"

"நம்ம ஜெம்மாவுக்கு யார் கத்துக்குடுத்தா? நீ போட்ட சத்தத்துல பொண்ணு ஒரு ரவுண்டானாவுல காரை நிறுத்திட்டு இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தா. அப்புறம் யார் கூட்டிட்டுப் போனா?"

நெவில் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

பயிற்றுநர் ஆவதற்கான தேர்வுகளில் முதல் இரண்டையும் லின்னெட் சுலபமாகத் தாண்டினாள். கற்றுக்கொடுக்கும் திறனைப் பார்க்கும் கடைசித் தேர்வில் தோற்றாள். தேர்வாளர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது. காரில் உட்கார்ந்து அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த தேதிக்கு எழுதிப் போட்டாள். இரண்டாம் முறை தேர்ச்சி. சேமிப்பைக் கொட்டி ஒரு சிவப்புக் கார் வாங்கினாள். முதல் வருடம் கார், பெட்ரோல், காப்பீடு என்று வந்ததெல்லாம் அப்படியே போயிற்று. இரண்டாம் வருடம் அவளிடம் படிக்க ஆட்கள் காத்திருக்க ஆரம்பித்தார்கள். அவள் கத்துவதில்லை என்ற பேச்சு ஊருக்குள் பரவியிருந்தது.

அப்படிக் காத்திருந்து வந்தவர்களில் ஒருவர் ஹெக்டர் ப்ரெய்த்வெயிட். நெவிலின் ஃபோர்மேன். குரலை உயர்த்தினால் பட்டறையே திரும்பிப் பார்க்கும். வாழ்நாள் முழுக்க சைக்கிளில் போனவர். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றார்.

"என் வீட்டுக்காரி ஐவிக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது, லின்னெட். இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க. அவ தங்கச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கா. வாராவாரம் போய்ப் பாத்துட்டு வருவா. இனிமே நான்தான் கூட்டிட்டுப் போகணும்." கொஞ்சம் தயங்கினார். "நெவிலுக்கு மட்டும் தெரிய வேணாம்."

"என் கார்ல நடக்கறது கார்லயே இருக்கும். ஏறுங்க."

பாடு பட்டார் மனிதர். வால்னித் தீவுக்குப் போகும் பாலத்தின் மேல் ஒருமுறை சரியாகப் பட்டறை விடும் நேரத்தில் மாட்டிக்கொண்டார்கள். சைக்கிள்களும் கார்களும் நாலா பக்கமும் சூழ்ந்துகொண்டன. யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஹெக்டர் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டார். எஞ்சின் நின்றது, மறுபடி நின்றது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"என்னால ஆகாது, லின்னெட். நீ மாறிக்கோ."

"மாற மாட்டேன். அடிக்கறவன் அடிக்கட்டும், அவன் கைதானே வலிக்கும். கிளட்சை முழுசா அமுக்குங்க. மூச்சை விடுங்க. இப்போ மெதுவா..."

கார் நகர்ந்தது. அக்கரை சேர்ந்ததும் கடலோரமாக நிறுத்திவிட்டு ஹெக்டர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். லின்னெட் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் அவள் தன் வருமானக் கணக்கைத் தானே நிரப்பி அனுப்ப உட்கார்ந்தாள். வரி எவ்வளவு வரும் என்று முன்பே கணக்குப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தாள். திரையில் வந்ததோ அதைவிட அதிகம். திரும்பத் திரும்பப் பார்த்தாள், அதே தொகைதான். மறுநாள் இரண்டு பாடங்களுக்கு நடுவே காரை ஓரமாக நிறுத்திவிட்டு வரி அலுவலகத்துக்குப் போன் போட்டாள். காதில் பாட்டு ஓடி ஓடி, கடைசியில் ஒரு பெண் பேசினாள்.

"மேடம், உங்க வரம்புல ஒரு பகுதி உங்க வீட்டுக்காரருக்குப் போய்க்கிட்டிருக்கு. அதனால உங்களோடது குறைஞ்சிருக்கு."

"அது எப்பவோ ஒரு தடவை குடுத்தது!"

"நிறுத்தச் சொன்னாத்தான் நிக்கும், மேடம். உங்க வருமானம் கூடினப்பவே சொல்லியிருக்கணும். இப்போ நிறுத்தினாலும் ஏப்ரல்லேருந்துதான் மாறும். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் குறைஞ்ச வரம்புதான்."

"அவர் வந்து கையெழுத்துப் போடணுமா?"

"வேண்டாம். குடுத்தது நீங்க, நிறுத்தறதும் நீங்கதான்."

"அப்படியா," என்றாள் லின்னெட். அவளே எதிர்பாராமல் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "அப்போ நிறுத்துங்க."

மாலையில் நெவிலிடம் சொன்னாள். அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏன் நிறுத்தினே? உனக்கு ஏறுனது எனக்கு இறங்குது. கூட்டிக் கழிச்சா ஒண்ணுதான். ஒரே வீட்டுப் பணம்."

"ஒரே வீட்டுப் பணம்னா அந்தத் தூண்டில்ல பாதி என்னோடதா?"

"லின்..."

"கிளப்புல ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்வியே, உபயோகமில்லாமக் கிடந்ததுன்னு. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன். உள்ள எப்படி இருக்கும்னு ஒரு நாள் கேட்டிருப்பியா? அது இப்போ சும்மாக் கிடக்கல, நெவ். முழுசும் எனக்கு வேணும். அதுவும் போதல, அதுக்கு மேலயும் சம்பாதிச்சிருக்கேன்."

அவன் காதுகள் சிவந்தன. "நான் விளையாட்டாத்தான்..."

"தெரியும். நீ வேணும்னே சொல்லலைன்னு தெரியும். ஆனா வலிச்சுது."

நெவில் முள்கரண்டியால் ஆறிப்போன சாப்பாட்டைக் கிளறினான். பிறகு மெல்லக் கேட்டான்:

"அதுக்கு மேலன்னா... எவ்வளவு மேல?"

அவள் சொன்னாள். நெவில் ஒரு விசில் அடித்தான்.

"அடியாத்தி! எல்லாம் அந்தச் சின்னச் சிவப்புக் கார்லயா?"

"அதே கார்லதான்."

"அந்தக் கூடுதல் வரியை நான் கட்டறேன். ரெண்டு வருஷத்தோடதும். உன் பங்கை நான்தானே அனுபவிச்சேன்." எழுந்து வந்து அவள் பின்னால் நின்று தோளில் கை வைத்தான். "மன்னிச்சுக்கோ, லின்."

அவள் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஆனால் பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஏப்ரலில் அவள் வரம்பு முழுசாக அவள் பெயருக்கு வந்தது. அதே மாதம் ஹெக்டர் மூன்றாம் முறையாகத் தேர்வுக்குப் போனார். முந்தைய இரண்டு தடவையும் பதற்றத்தில் கோட்டைவிட்டவர். லின்னெட் தேர்வு மையத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார் திரும்பி வந்து நின்றது. தேர்வாளர் ஏதோ சொன்னார். ஹெக்டர் அசையவே இல்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, வானத்தைப் பார்த்து ஒரு கத்துக் கத்தினார்.

"நீயும் ஏறு, லின்னெட்," என்றார். "ஐவியைக் கூட்டிட்டு நேரா பாலத்துக்குப் போறோம். பட்டறை விடற நேரமாச்சு."

"இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான்."

ஐவி வாசலிலேயே நின்றிருந்தாள். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு உதட்டுச் சாயமும் பூசியிருந்தாள். லின்னெட் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். பாலத்தின் நடுவே கூட்டம் எதிரே வந்தது. யாரோ ஒருவன் முதலில் கவனித்துவிட்டான்.

"ஏய், ஃபோர்மேன்டா! ஃபோர்மேன் காரு ஓட்டறாருடா!"

சைக்கிள் மணிகள் ஒலித்தன. ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், தொப்பிகளைக் கழற்றி ஆட்டினார்கள். ஹெக்டர் ஒரு கையை உயர்த்தப்போக, "ரெண்டு கையும் ஸ்டியரிங்ல!" என்று லின்னெட் பின்னாலிருந்து போட்ட சத்தம் பாலம் முழுக்கக் கேட்டது. அவள் காரில் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். ஐவி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

கூட்டத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான் நெவில். பக்கத்தில் ஒருவன் அவன் விலாவில் இடித்தான்.

"மாப்ளே, பின்சீட்டுல உன் வீட்டுக்காரியா? இவருக்கே கத்துக்குடுத்துட்டாங்களா?"

"ஆமாண்டா, என் பொண்டாட்டிதான்!" நெவில் பாலம் அதிரக் கத்தினான். "வரி கட்டறா, தெரியுமா? எக்கச்சக்கமாக் கட்டறா!"

லின்னெட் கண்ணாடியை இறக்கி அவனைப் பார்த்துக் கையசைத்தாள். கார் நிற்காமல், குலுங்காமல் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைச் சாலையில் ஏறியது.