ஸ்டியரிங்கா, சீட்டா?

ஊருக்குள் ஓட்டினால் என் காரைப் போலச் சாது கிடையாது. நெடுஞ்சாலையில் ஏறி எண்பதைத் தொட்டால் போதும், அதற்குச் சாமி வந்துவிடும். ஸ்டியரிங் இரண்டு கைகளிலும் நடுங்கும். போதாக்குறைக்கு, நேராகப் பிடித்தாலும் வண்டி நேராகப் போகாது. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று அலைபாயும். நான் திருத்திக்கொண்டே போக வேண்டும். ஆலைக்குப் போய்ச் சேரும்போது தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவது போல இருக்கும், முதுகும் வலிக்கும். அதற்கு அப்புறம்தான் வேலையே ஆரம்பம்.

பெயிண்ட் ஆலையில் நிறம் பொருத்தும் பிரிவு என் பொறுப்பு. வாடிக்கையாளர் பழைய கூரை ஓடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்து இதே நிறம் வேண்டும் என்பார். அதே நிறத்தைக் கலந்து கொடுக்க வேண்டும். கண்ணும் கையும் சொன்னபடி கேட்க வேண்டிய வேலை. ஆலையைப் பக்கத்து நகரத்துக்கு மாற்றியதிலிருந்து எனக்கு இந்த நெடுஞ்சாலைதான் கதி. ஒரு நாள் லாரி ஒன்றைத் தாண்டும்போது வண்டி அலைந்து அதன் பக்கமே ஒதுங்கியது. லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்குப் போன வேகத்தில் மேலாளரிடம், உள்ளூர்க் கிடங்கிலேயே ஏதாவது வேலை கொடுங்கள் என்று கேட்டுவிட்டேன். கிடங்கில் டப்பா அடுக்குவதை மேற்பார்வை பார்க்கலாம், ஆனால் ஒருமுறை போனால் திரும்பி வர முடியாது என்றார். யோசித்து, இரண்டு வாரம் கழித்துத் திங்கட்கிழமை சொல்லச் சொன்னார்.

வீட்டில் யாரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரர் தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து சாவியை நீட்டினார்.

"வெண்ணெய் மாதிரி போகுது. உனக்குத்தான் கை நடுங்குது."

"நாப்பதுல ஓட்டினா வெண்ணெய் மாதிரிதான் போகும். எண்பதுல ஓட்டிப் பாருங்க."

"எண்பதுல எதுக்குப் போற? மெதுவாப் போ."

இந்த மனிதரிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம். மாமனார் மட்டும் என் முகத்தைப் பார்த்தார். "முடியலைன்னா விட்டுடும்மா," என்றார். அது இன்னும் வலித்தது. முடியாமல் போவது எனக்கா, வண்டிக்கா என்று எனக்கே குழப்பம் வந்துவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது கையை விரித்துப் பார்த்துக்கொள்வேன். நடுங்குகிற மாதிரியும் இருக்கும், நடுங்காத மாதிரியும் இருக்கும்.

டயர்க்கடைக்காரரை எல்லோரும் 'காத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். காற்றடிப்பதில் தொடங்கிக் கடை வைத்தவர். வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் கேட்ட முதல் கேள்வியே விசித்திரமாக இருந்தது.

"ஸ்டியரிங் ஆடுதா, சீட் ஆடுதா?"

"நான் ஆடுறேன்."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங் ஆடினால் முன்சக்கரம், சீட் ஆடினால் பின்சக்கரம் என்றார். முன்னால் இருந்த சக்கரங்களைக் கழற்றிப் பின்னால் மாட்டி, ஓட்டிவிட்டு வரச் சொன்னார். போனேன். ஸ்டியரிங் கொஞ்சம் அடங்கியிருந்தது, ஆனால் இடுப்புக்குக் கீழே சீட் உதறியது. ஆட்டம் சக்கரங்களோடு இடம் மாறியிருந்தது. என் கையில் குற்றமில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அந்த உதறலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்.

அவர் நான்கு சக்கரங்களையும் இயந்திரத்தில் சுழற்றி, எந்தப் பக்கம் எடை குறைகிறதோ அங்கே உட்புறமாகச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை ஒட்டினார். காற்றையும் சரி பார்த்தார். அது சனிக்கிழமை. திரும்பி வரும்போது நெடுஞ்சாலை கண்ணாடி போல இருந்தது. ஒரு கையில் ஓட்டினேன்.

திங்கட்கிழமை மறுபடியும் அதே சாமி.

அடுத்த சனிக்கிழமை காத்து அண்ணன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒட்டினதுல ஒண்ணையும் காணோமே. எந்தக் குழியில விட்டீங்க?"

"குழியில எல்லாம் விடலண்ணே."

"பின்னாடி காத்தும் எறங்கியிருக்கு. பஞ்சரும் இல்ல. காத்து கம்மியானா வண்டி அலையத்தான் செய்யும். பாத்து ஓட்டுங்க."

மறுபடியும் ஒட்டினார். மறுபடியும் வரும் வழியெல்லாம் கண்ணாடி. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை நன்றாக இருக்கும் வண்டி திங்கட்கிழமை எப்படிக் கெடுகிறது? நடுவே நான் சாவியைத் தொடுவதுகூட இல்லையே. நடுவே இருப்பது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காருக்குக் குளியல்.

மறுநாள் காலை சத்தம் போடாமல் வாசலுக்கு வந்தேன். மாமனார் வாளி, பழைய பல்துலக்கி, ஒரு மொண்ணைக் கத்தி சகிதம் பின்சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்தார். குடிநீர் நிலையத்தில் பம்பு பார்த்தவர். ஓய்வு பெற்றதிலிருந்து வீட்டில் அவர் கை வைக்காத குழாய் இல்லை. காரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, மூச்சுப் பிடித்து, எதையோ நெம்பி எடுத்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியாம்மா? எவனோ ஒட்டி வெச்சுட்டுப் போறான். போன வாரம்தான் எடுத்தேன், மறுபடியும் ஒட்டியிருக்கான். அழுக்கு சேர்றதே இதுலதான்."

பக்கத்தில் ஒரு பிஸ்கட் டப்பா. அதில் சாம்பல் நிறத் துண்டுகள் கலகலவென்று கிடந்தன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. மூன்று மாத உதறலும், லாரி ஹாரனும், வெண்ணெய்ப் பேச்சும் அந்த டப்பாவுக்குள் கிடந்தன.

"காத்தையும் நீங்கதான் எறக்கினீங்களா, மாமா?"

"ஆமா. கல்லு மாதிரி இருந்துச்சு. முதுகு வலிக்குதுன்னு சொன்னியே. பின்னாடி கொஞ்சம் எறக்கி விட்டா மெத்துன்னு இருக்குமேன்னு..."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இந்த வீட்டில் என் முதுகு வலிக்கு யோசித்த ஒரே ஆள் அவர்தான், அதற்கு அவர் செய்த வைத்தியம் என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்ல?

"ஏறுங்க மாமா. ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏறினார். என் பக்கத்துச் சீட்டில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஊருக்குள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நெடுஞ்சாலை காலியாகக் கிடந்தது. எண்பதைத் தொட்டேன்.

சீட் உதறியது. கதவு கடகடத்தது. வண்டி கோட்டைத் தொட்டுவிட்டு வந்தது, நான் திருத்தினேன், அந்தப் பக்கம் போனது, மறுபடியும் திருத்தினேன். மாமனார் மேலே இருந்த பிடியை ஒரு கையாலும் சீட்டின் விளிம்பை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் சாலையைப் பார்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இப்படியேவா போனே?"

"ஆமா மாமா."

"நான்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட எனக்குத் தெம்பில்லை. "ஆமா மாமா," என்றேன்.

வேகத்தைக் குறைத்து ஓரமாக ஓட்டினேன். உதறல் நின்ற பிறகும் அவர் பிடியை விடவில்லை. அப்படியே டயர்க்கடைக்கு விட்டேன். கடை பாதி திறந்திருந்தது. அவர் எனக்கு முன்னால் இறங்கிப் போய்ச் சட்டைப் பையிலிருந்து காலையில் நெம்பிய துண்டுகளை எடுத்துக் காத்து அண்ணன் முன்னால் நீட்டினார்.

"இதையெல்லாம் இருந்த எடத்துலயே ஒட்டிடுப்பா."

"பெரியவரே, அது உதவாது. புதுசுதான் போடணும்." காத்து அண்ணன் துண்டுகளையும் அவரையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிப்பை அடக்கினார்.

"அப்ப புதுசே போடு. நாளைக்குக் காலையில இவ வேலைக்குப் போகணும்," என்றார் மாமனார். "அங்க நெறம் பாக்கறதுக்கு இவளை விட்டா ஆள் கிடையாது."

மேலாளர் நாளைக்குப் பதில் கேட்பார் என்பதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஓரமாகக் கிடந்த பழைய டயரின் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவு களைப்பு. மாமனார் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்று, காத்து அண்ணன் எந்தத் துண்டை எங்கே ஒட்டுகிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.